நாலாவது பேனல்

ஏம்மா, அந்தப் பெட்டிய கடையில வச்சே பிரிச்சுப் பாத்தியா? மிக்ஸிதானே? பாக்கல. சீல் ஒட்டியிருக்கு, நல்லாத்தான் இருக்கும்னு வாங்கிட்டு வந்துட்ட. நானும் அப்படித்தாம்மா நெனச்சேன். சீல் ஒட்டியிருந்துச்சு. கண்ணாடி டம்ளர் படம் போட்டு, 'கவனமாகக் கையாளவும்'னு எழுதி, எல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சு. உள்ள பாத்தா கண்ணாடி நொறுங்கிக் கெடக்கு.

எனக்கு வந்தது மிக்ஸி இல்ல, சோலார் பேனல். மாடியில வச்சு வெயில்ல கரண்டு எடுப்பாங்கல்ல, அது. நாலு வாங்குனேன். மூணு நல்லா இருந்துச்சு, நாலாவது உடைஞ்சு வந்துச்சு. ஜனவரியில ஆரம்பிச்ச சண்டை, ஏப்ரல் கடைசியிலதான் முடிஞ்சுது. நீ எங்க எறங்கணும்? திருச்செந்தூரா? அப்ப நேரம் இருக்கு. நான் அதுக்கு முன்னாடி வெள்ளமணல்விளையில எறங்கிருவேன்.

எம்பேரு பாக்கியசீலி. ஆனந்தவிளை ஸ்கூல்ல முப்பத்தி மூணு வருசம் கணக்கு டீச்சர். எங்க வீட்டுக்காரவுக பேரு ஞானையா. கரண்டு ஆபீஸ்ல லைன்மேனா இருந்தாக. போன வருசம் ஜனவரி இருபத்தி மூணாம் தேதி தவறிட்டாக. காலையில காப்பி குடிச்சுட்டு, செருப்பு மாட்டக் குனிஞ்சவுக அப்படியே உக்காந்துட்டாக. அவ்வளவுதான்.

எங்க ஊர்ல சர்ச் சபை நடத்துற பொம்பளப் பிள்ளைக ஹாஸ்டல் ஒண்ணு இருக்கு. முப்பத்தி ரெண்டு பிள்ளைக. எல்லாம் உப்பளத்துக்கும் செங்கச்சூளைக்கும் வேலைக்குப் போறவங்க பிள்ளைக. படிக்கிற ஹாலுக்கு மேல ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மார்ச் மாசம் அதுக்குள்ள நீ பத்து நிமிசம் இருக்க மாட்ட. கரண்டு லைன்ல கடைசி கட்டடம் அதுதான். ஊருக்கெல்லாம் கரண்டு இருக்கும், அங்க இருக்காது. மத்தியானம் போனா சாயங்காலம் வரும். பிள்ளைக படிக்க உக்காந்ததும் மறுபடி போயிரும். எங்க அவுக ரிட்டயர் ஆனப்புறமும் வாரத்துக்கு ரெண்டு நாள் அங்க போயி ஃபேனப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருப்பாக. வீட்டுல பாத்ரூம் லைட்டு ஆறு மாசமா எரியல, அது தெரியாது. ஹாஸ்டல்ல ஃபேன் சத்தம் போடுதுன்னா சைக்கிள எடுத்துருவாக.

அதான் வருச நினைவுக்கு அந்த ஹாஸ்டலுக்கே செய்யணும்னு நெனச்சேன். நாலு பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர். படிக்கிற ஹாலுல ஆறு ஃபேனும் எட்டு லைட்டும் கரண்டு போனாலும் ஓடணும். சாத்தான்குளத்துல இசக்கிதுரைன்னு ஒரு ஃபிட்டர், எங்க அவுககிட்ட வேலை படிச்சவரு. அவருதான் கணக்குப் போட்டு, கோயம்புத்தூர் கம்பெனியில ஆர்டர் குடுத்தாரு. நான் கல்வெட்டுக்குச் சொல்லிட்டேன். வெள்ளை மார்பிள். 'அமரர் ஞானையா அவர்களின் நினைவாக நான்கு சூரிய மின் தகடுகள். அன்பளிப்பு: ந. பாக்கியசீலி, ஓய்வுபெற்ற ஆசிரியை.' ஒரு எழுத்துப் பிழை இல்லாம நானே நின்னு வெட்ட வச்சேன்.

நினைவு நாளுக்குப் பதினாலு நாள் முன்னாடியே சரக்கு வந்துருச்சு. டிரைவர் எறக்கி வச்சுட்டு ஒரு தாள நீட்டுனாரு. இசக்கிதுரை என்ன சொன்னாருன்னா, "டீச்சர், வண்டி போறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாத்துருவோம்"னாரு.

நான் வேண்டாம்னேன். நினைவு நாள் அன்னைக்கு போதகர் முன்னாடி, பிள்ளைக முன்னாடி பிரிக்கணும்னு நான் நெனச்சிருக்கேன். முன்னாடியே பிரிச்சுட்டு, பழைய பெட்டிய மறுபடி மூடி வச்சா அதுல என்ன இருக்கு? கையெழுத்தப் போட்டேன். 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்'னு கீழ அச்சடிச்சிருந்துச்சு. எல்லாத் தாள்லயும் அப்படித்தானம்மா அச்சடிச்சிருக்கு. அதப் போயி யாரு வாசிக்கா? பின்னால அந்தக் கையெழுத்தத்தான் பிடிச்சுக்கிட்டு தொங்குனாங்க.

நினைவு நாள் வந்துச்சு. போதகர் வந்துட்டாரு. பிள்ளைகளுக்குக் கேசரியும் வடையும் சொல்லியிருந்தேன். பிள்ளைக பாட்டுப் பாடுனாங்க. கல்வெட்டுக்கு மேல பட்டுத்துணி தொங்குது. ரிப்பன வெட்டி, இசக்கிதுரை பெட்டியப் பிரிக்காரு. மொதல் பேனல் பளபளன்னு இருக்கு. பிள்ளைக கை தட்டுதாங்க. ரெண்டாவது, மூணாவது, அதுவும் நல்லா இருக்கு. நாலாவத எடுத்தவரு, எடுத்த கையோட திரும்பவும் பெட்டிக்குள்ள வைக்கப் பாத்தாரு.

"என்ன இசக்கிதுரை?"ன்னேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர். அப்புறம் பாப்போம்."

"எடுங்க வெளிய."

எடுத்தாரு. கண்ணாடி முழுக்க சிலந்திவலை மாதிரி விரிசல். ஒரு மூலையில அடிபட்டு, அங்க இருந்து கெளம்பி மறு மூலை வரைக்கும் போயிருக்கு. ஒரு துண்டு கீழ விழல. ஆனா முழுக்க நொறுங்கியிருக்கு. பிள்ளைகள்ல ஒண்ணு ரெண்டு அப்பவும் கை தட்டிருச்சு, அதுகளுக்குத் தெரியல. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசி. அவுக போட்டோவுக்கு மாலை போட்டு முன்னால வச்சிருக்கு.

இசக்கிதுரை கிட்ட வந்து மெதுவா சொன்னாரு. "டீச்சர், மனச விடாதீங்க. மூணையும் இன்னைக்கே மாட்டிருவேன். நாலு ஃபேனும் லைட்டும் தாராளமா ஓடும். நாலாவது வந்ததும் சேத்துக்கிடலாம்."

ஹாஸ்டல் வார்டன் கனகமணி, அவ என்கிட்டப் படிச்ச பிள்ளைதான், அவளும் வந்து, "ஆமா டீச்சர், மூணு போதும் இப்போதைக்கு. பத்தாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு ரெண்டு மாசத்துல பரீட்சை"ன்னா.

நான் ரெண்டு பேரையும் பாத்துச் சொன்னேன். மூணு மாட்டுனா கம்பெனிக்காரன் என்ன சொல்லுவான்? பிரிச்சு உபயோகப்படுத்திட்டாங்க, நாங்க பொறுப்பில்லன்னு சொல்லுவான். அதோட, கல்வெட்டுல நான்குன்னு வெட்டியிருக்கு. மூணு ஓடுற எடத்துல நான்குன்னு கல்ல தெறந்து வைக்கச் சொல்லுதியா? நாலும் வந்து, நாலும் ஓடி, அப்புறம்தான் கல்லத் தெறப்பேன்னுட்டேன். போதகரு ஜெபம் பண்ணிட்டுப் போயிட்டாரு. பட்டுத்துணி அப்படியே தொங்குச்சு. பேனல் நாலும் மறுபடி ஹாலு மூலைக்குப் போயிருச்சு.

பிடிவாதம்னு நீ நெனைக்கலாம். நெனைச்சுக்க. எங்க அவுக கூட முப்பத்தொம்பது வருசம் குடும்பம் நடத்துனேன். உடைஞ்சது, நசுங்குனது, மிச்சம் இருந்தது, இதத்தவிர அந்த மனுசன் எதையும் வீட்டுக்குக் கொண்டு வந்ததில்ல. தக்காளி வாங்கப் போனா அடிபட்டத எடுத்துட்டு வருவாக. கேட்டா, "கொழம்புல கெடந்தா எல்லாம் ஒண்ணுதான், சீலி"ம்பாக. ஆபீஸ்ல இவுகளுக்கு வர வேண்டிய பிரமோஷன இன்னொருத்தனுக்குக் குடுத்தாங்க, "அவனுக்கு மூணு பிள்ளைக இருக்கு"ன்னு வந்து சொன்னாக. ஒரு தடவையாவது முழுசா ஒண்ணு அவுக பேர்ல இருக்கட்டும்னு நான் நெனச்சது தப்பா? சொல்லு.

சரி. கம்பெனிக்குப் போன் போட்டேன். மொதல்ல பாட்டு. அப்புறம் ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்கு. கடைசியில ஒரு பொண்ணு வந்தா. நல்ல மரியாதையாத்தான் பேசுனா. அந்த மரியாதைதான் எரிச்சலே.

"மேடம், டெலிவரி ஆகி ரெண்டு நாளுக்குள்ள சொல்லியிருக்கணும் மேடம்."

"நான் பிரிச்சதே பதினஞ்சாவது நாள்தானம்மா."

"நீங்க ஏன் மேடம் பிரிக்கல?"

இது ஒரு கேள்வியா? எப்பப் பிரிக்கணும்னு அவங்களா எனக்குச் சொல்லணும்? நான் சொன்னேன், கண்ணாடிய ஒழுங்காக் கட்டி அனுப்பியிருந்தா பதினஞ்சு நாள் என்ன, பதினஞ்சு வருசம் கழிச்சுப் பிரிச்சாலும் முழுசா இருந்திருக்கும்னேன். அவ, "புகாரைப் பதிவு செய்துட்டேன் மேடம்"னு ஒரு நம்பர் குடுத்தா. பதினாறு இலக்கம். ஒரு நோட்டுப் போட்டு எழுதி வச்சேன்.

அடுத்த வாரம் போட்டோ கேட்டாங்க. முன்பக்கம் அனுப்புனேன். பின்பக்கம் வேணும்னாங்க. அனுப்புனேன். பின்னால ஒட்டியிருக்கிற நம்பர் தெரியலன்னாங்க. கிட்ட வச்சு எடுத்து அனுப்புனேன். ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆளு. ஒவ்வொருத்தருக்கும் மொதல்ல இருந்து சொல்லணும். வீடு, தெரு, பின்கோடு, என்னைக்கு வந்துச்சு, எப்ப பிரிச்சீங்க, ஏன் பிரிக்கல. பிப்ரவரி பூரா இதுதாம்மா என் வேலை. காலையில எந்திரிச்சா போனு, சாயங்காலம் போனு. எம்மவ சென்னையில இருந்து கூப்புட்டா, "லைன் எப்பவும் பிஸியாவே இருக்கேம்மா"ம்பா. கம்பெனிக்காரன் கூப்புடுவான், வையின்னு வச்சுருவேன்.

அப்புறம் பிப்ரவரி கடைசியில கேட்டாங்க பாரு ஒரு போட்டோ. பெட்டியோட போட்டோ. அந்த நாலாவது பேனல் வந்த அட்டைப் பெட்டி. அதுல ஒட்டுன சீட்டும், அடிபட்ட மூலையும் தெரியணும். அது இருந்தாத்தான் வழியில உடைஞ்சதுன்னு நம்புவாங்களாம்.

நேரா ஹாஸ்டலுக்குப் போனேன். "கனகமணி, பெட்டி எங்க?"ன்னேன்.

அவ மொகம் போன போக்கு. "டீச்சர், கரண்டு இல்லாம பிள்ளைக வேத்து வடிஞ்சு உக்காந்திருந்தாங்க. அதான்…"

ஹாலுக்குள்ள போயிப் பாத்தேன். முப்பத்தி ரெண்டு பிள்ளைக கையிலயும் ஆளுக்கொரு அட்டை விசிறி. பெட்டிய வெட்டி விசிறி பண்ணிக் குடுத்திருக்கா. ஒரு கையில புஸ்தகம், ஒரு கையில விசிறி. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வெயில் அடிக்குது. மூலையில பேனல் நாலும் சாக்கு போத்திச் சாத்தி வச்சிருக்கு.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவு கெடையாது. சாட்சியம்மா அது. சாட்சிய எடுத்து விசிறிக்கிட்டு இருக்காங்க. "எல்லாரும் விசிறியக் கொண்டு வந்து தரையில வைங்க"ன்னேன். வச்சாங்க. தரையில முட்டி போட்டு உக்காந்து, ஒண்ணொண்ணா சேத்து, நாலாவது பெட்டி எதுன்னு கண்டுபிடிக்கப் பாத்தேன். நாலு பெட்டியும் கலந்து போச்சுல்ல. கோடு பாத்து, எழுத்து பாத்து, ரெண்டு மணி நேரம் சேத்தேன். பிள்ளைக சுவரோரம் நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. முந்தானையால மொகத்தத் தொடச்சுக்கிட்டு நான் சேத்துக்கிட்டே இருக்கேன். கடைசியில ஒரு துண்டு கொறையுது. சீட்டு ஒட்டுன துண்டு.

"யாருகிட்ட இருக்கு?"ன்னேன்.

செல்வக்கனின்னு பத்தாங்கிளாஸ் பிள்ளை ஒண்ணு. ஒல்லியா, நெற்றியில எப்பவும் ஒரு கொத்து முடி விழுந்துக்கிட்டு இருக்கும். அவ அத மட்டும் தரையில வைக்காம வச்சிருந்தா. பின்பக்கம் பரீட்சைக்கு அட்டவணை எழுதி வச்சிருந்தா. என்னைக்கு என்ன பாடம், எத்தன நாள் பாக்கின்னு கலர் பென்சில்ல கட்டம் கட்டி எழுதியிருந்தா. கணக்குக்கு மட்டும் ரெண்டு கட்டம் கூடப் போட்டிருந்தா.

"டீச்சரம்மா, எழுதி எடுத்துட்டுத் தாரேன்"ன்னா.

"நான் உனக்கு வேற எழுதித் தாரேன், இதக் குடு"ன்னேன். குடுத்துட்டா.

எழுதிக் குடுக்கல. அந்த அலைச்சல்ல மறந்து போச்சு.

போட்டோ எடுத்தேன், சேத்து வச்ச பெட்டிய. விசிறி எல்லாத்தையும் ஒரு சாக்குல கட்டி வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். அங்க விட்டா மறுபடி எடுத்துருவாங்கல்ல? கெளம்பயில கனகமணி ஹாஸ்டல் கேட் வரைக்கும் வந்தா. "டீச்சர், சாயங்காலம் பிள்ளைகள பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிட்டுப் போயிப் படிக்க வைக்கிறேன். அங்க பஞ்சாயத்து சோலார் லைட்டு இருக்கு. காத்தும் வருது. ஆனா பஸ்ஸுக்கு நிக்கிற ஆளுக ஒரு மாதிரி பாக்காங்க. மூணு பேனல மட்டுமாவது…"ன்னா.

"கனகமணி, நான் யாருக்காக அலையுதேன்? இந்தப் பிள்ளைகளுக்காகத்தான அலையுதேன்?"ன்னேன்.

மார்ச் மொத வாரம் கம்பெனியில இருந்து ஒருத்தரு நேர்ல வந்தாரு. சின்ன வயசு, கழுத்துல அட்டை. பேனலத் தொட்டுப் பாத்தாரு, சேத்து வச்ச அட்டையப் பாத்தாரு, சிரிப்ப அடக்குனாரு. எனக்குத் தெரியாதா, இத்தன வருசம் கடைசி பெஞ்ச பாத்தவ. போயி நாலு நாள்ல லெட்டர் வந்துச்சு. 'வாடிக்கையாளர் நலன் கருதி, நல்லெண்ண அடிப்படையில், மாற்றுத் தகடு ஒன்றை வழங்க முன்வருகிறோம்.' கீழ கையெழுத்துப் போட்டு அனுப்புனா ஒரு வாரத்துல பேனல் வந்துரும்.

நீ என்ன நெனைப்ப? முடிஞ்சுதுன்னு நெனைப்ப. கனகமணியும் அப்படித்தான் நெனச்சா. இசக்கிதுரை ஏணியே கொண்டு வந்து வச்சுட்டாரு. நான் லெட்டர ரெண்டு தடவ வாசிச்சேன். நல்லெண்ணமா? யாருக்கு யாரு நல்லெண்ணம் காட்டுறது? உடைச்சு அனுப்புனது அவங்க. தப்புச் செஞ்சோம்னு ஒரு வரி இல்ல. ஏதோ நான் கையேந்தி நிக்கிற மாதிரி. கையெழுத்துப் போட மாட்டேன்னு எழுதிட்டேன். 'தகடு உடைந்த நிலையில் வந்து சேர்ந்தது என்பதை ஒப்புக்கொண்டு கடிதம் அனுப்பினால் மட்டுமே மாற்றுத் தகட்டைப் பெற்றுக்கொள்வேன்'னு பதிவுத் தபால்ல அனுப்புனேன். இசக்கிதுரை ஏணியத் தோள்ல தூக்கிட்டுப் போனாரு. தெருமுனை வரைக்கும் போனவரு திரும்பி நின்னு, "எங்க அண்ணாச்சி பேரச் சொல்லி இப்படிப் பண்ணுதீங்களே டீச்சர்"ன்னாரு. அண்ணாச்சின்னா எங்க அவுக. வேலை படிச்ச மரியாத. அவருக்கு என்ன தெரியும்?

அந்த மார்ச்ல ஒரு நாள் ஹாஸ்டல் வழியாப் போறேன், கேட்டுல ஒரு ஆளு மொபெட்ட நிறுத்தி டிரங்குப் பெட்டியக் கட்டிக்கிட்டு இருக்காரு. பக்கத்துல செல்வக்கனி. அவ அப்பா, செங்கச்சூளையில வேலை. "என்ன, பரீட்சைக்கு ரெண்டு வாரம் இருக்கையில எங்க கூட்டிட்டுப் போறீங்க?"ன்னேன்.

"பிள்ளைக்குத் தெனம் தலவலி டீச்சரம்மா. படிக்க முடியலங்கா. ரோட்டுல உக்காந்து படிக்கிறது வேற எனக்குச் சரிப்படல. வீட்டுல வேப்பமரம் இருக்கு, அங்க படிக்கட்டும். பரீட்சைக்கு பஸ்ஸுல வந்துருவா"ன்னாரு.

"ரெண்டு பஸ் மாறணுமே"ன்னேன்.

"ஏழு மணி வண்டி ஒழுங்கா வரும்"ன்னாரு.

அவர் பிள்ளை, அவர் கூட்டிட்டுப் போறாரு. நான் யாரு தடுக்க? பேனலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? தலவலி யாருக்குத்தான் இல்ல. செல்வக்கனி என்னப் பாத்துச் சிரிச்சா. போயிட்டு வாரேன் டீச்சரம்மான்னா. நல்ல பிள்ளை.

பரீட்சை ஆரம்பிச்சுது, முடிஞ்சுது. நான் பதிவுத் தபால் அனுப்புனேன், அவங்க மின்னஞ்சல் அனுப்புனாங்க, எம்மவ அத சென்னையில இருந்து வாசிச்சுக் காட்டுனா. "அம்மா, வாங்கித் தொலையேன்"ன்னா. ஏப்ரல் இருபதாம் தேதி வாக்குல வந்துச்சும்மா லெட்டர். முத்திரை போட்டு, பெரிய ஆபீசர் கையெழுத்தோட. 'தாங்கள் குறிப்பிட்டபடி தகடு சேதமடைந்த நிலையில் வந்து சேர்ந்ததை ஏற்கிறோம். ஏற்பட்ட சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம்.' மனமார. நான் அந்த லெட்டர நாலு தடவ வாசிச்சேன். அவுக போட்டோவுக்கு முன்னால வச்சேன். ஒரு ஆளு இல்ல பக்கத்துல, பாரு ஜெயிச்சுட்டேன்னு சொல்லுறதுக்கு.

ஏப்ரல் கடைசியில புதுப் பேனல் வந்துச்சு. டிரைவர நிக்க வச்சு, ரோட்டுல வச்சே பிரிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஒரு கீறல் இல்ல. இசக்கிதுரை வரலன்னுட்டாரு, வேற ஆளு அனுப்புனாரு. ஒரே நாள்ல நாலும் மாடியேறிருச்சு. போதகரு கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போயிட்டாரு. நானே பட்டுத்துணிய எடுத்தேன். கல்லுல ஒரு மூலையில பல்லி எச்சம் போட்டிருந்துச்சு, தொடச்சேன்.

ஹாலுக்குள்ள போயி சுவிட்ச போட்டேன். ஆறு ஃபேனும் ஒரே நேரத்துல சுத்துது. நல்ல காத்து. அந்தக் கூரைக்குக் கீழ அப்படி ஒரு காத்து வரும்னு நானே நெனைக்கல. பெஞ்ச எல்லாம் ஓரமா அடுக்கி வச்சிருக்கு. லீவு விட்டு பிள்ளைக எல்லாம் ஊருக்குப் போயாச்சு. ஒரு பெஞ்ச இழுத்துப் போட்டு நடு ஹாலுல உக்காந்தேன். கனகமணி ஒரு செம்புல தண்ணி கொண்டாந்து வச்சுட்டு நின்னா.

"எப்படி ஓடுது பாத்தியா?"ன்னேன்.

"நல்லா ஓடுது டீச்சர்."

"பிள்ளைக எல்லாம் பரீட்சை நல்லா எழுதுனாங்களா?"

"எழுதியிருக்காங்க டீச்சர். செல்வக்கனிதான் கணக்குப் பரீட்சை எழுதல."

"ஏன்?"

"அன்னைக்கு ஏழு மணி வண்டி வரல. அவ அப்பா மொபெட்ல கூட்டிட்டு வந்திருக்காரு, பாதி வழியில டயர் பஞ்சர். ஸ்கூல் கேட்டு மூடுனப்புறம் வந்து நின்னா. நான் போயி ஹெட்மாஸ்டர்கிட்ட கெஞ்சிப் பாத்தேன். விட முடியாதுன்னுட்டாங்க. கேட்டுக்கு வெளிய மூணு மணி நேரம் நின்னா டீச்சர். மத்தவங்க எழுதிட்டு வெளிய வந்து கேள்வித்தாளக் காட்டுறாங்க, நின்ன எடத்துலயே ஒவ்வொண்ணா வாயால போட்டுப் பாக்கா. முக்கால்வாசி சரி."

கனகமணி என்னைக் கொற சொல்லல. சொல்லியிருந்தா நான் திருப்பிச் சொல்லியிருப்பேன். பஸ் வராததுக்கு நானா பொறுப்பு, டயருக்கு நானா பொறுப்புன்னு கேட்டிருப்பேன். அவ சொல்லவே இல்ல. செம்ப எடுத்துக்கிட்டுப் போயிட்டா. நான் ஃபேனுக்குக் கீழ உக்காந்திருந்தேன். ஆறு ஃபேனு, ஒரு ஆளு. எந்திரிச்சு அஞ்ச நிறுத்துனேன். அப்புறம் அதையும் நிறுத்துனேன்.

இப்ப ரிசல்ட் வந்துருச்சு. மத்த பிள்ளைக எல்லாம் பாஸு, அத யாரும் சொல்ல மாட்டாங்க. செல்வக்கனிக்கு கணக்குல ஆப்சென்ட்னு வந்திருக்கு. ஜூலையில மறுபடி எழுதலாம். அவ அப்பா சூளைக்குக் கூட்டிட்டுப் போறதாப் பேச்சுன்னு கனகமணி நேத்து போன்ல சொன்னா. கல்லு அடுக்குற வேலைக்கு. அதக் கேட்டதுல இருந்து எனக்குப் பத்திக்கிட்டு வருது. முக்கால்வாசி வாயால போட்ட பிள்ளையச் செங்கல் அடுக்கக் கூட்டிட்டுப் போறானாமே. அதான் காலையில கெளம்பிட்டேன். வெள்ளமணல்விளைதான் அவங்க ஊரு.

என்ன சொல்லப் போறேனா? அவ அப்பாவ நல்லாக் கேக்கப் போறேன். என்ன புத்தியில பரீட்சைக்கு முன்னாடி பிள்ளைய ஹாஸ்டல்ல இருந்து கூட்டிட்டு வந்தீருன்னு கேக்கப் போறேன். அப்புறம் பிள்ளைய எங்க வீட்டுக்கு அனுப்பும்பேன். ரெண்டு மாசம் என் வீட்டுல இருக்கட்டும். ரெண்டு ரூம் சும்மா கெடக்கு, கரண்டு ஒழுங்கா இருக்கு. தெனம் காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கணக்கு. எம்பதுக்குக் கொறைஞ்சு வாங்கட்டும், பாக்குறேன். முப்பத்தி மூணு வருசம் சும்மாவா பாடம் நடத்துனேன்?

அவ அப்பா என்ன சொல்லுவாரு? வேண்டாம்னு சொல்ல மாட்டாரு. டீச்சர் வீடு தேடி வந்தா யாரு வேண்டாம்பா. அந்தப் பிள்ளைதான்... அவளுக்கு எம்மேல கோவம் எதுவும் இருக்காது. சிரிச்சுக்கிட்டுத்தான போனா. இல்ல, ஒருவேளை அவளே வரலன்னு சொல்லிட்டா? நான் அத யோசிக்கலையே. காலையில இருந்து அவ அப்பாகிட்ட என்ன பேசணும்னுதான் யோசிச்சுக்கிட்டு வாரேன். அந்தப் பிள்ளைகிட்ட மொத வார்த்த என்ன பேசணும்னு யோசிக்கவே இல்ல.

உனக்கு என்ன வயசு? இருபத்தி ரெண்டு, இருபத்தி மூணு இருக்குமா? நீ சொல்லு. உங்க டீச்சர் ஒருத்தி இப்படி வந்து வாசல்ல நின்னா, மொதல்ல என்ன சொன்னா நீ கூட வருவ?

யோசிச்சுச் சொல்லு. இன்னும் ரெண்டு ஸ்டாப்பு இருக்கு.